குத்தகை நிலத்தில் வளரும் எழுத்து

கடந்த 2025 செப்டம்பர் 30 அன்று ‘டைப்பேட்’ என்னும் வலைப்பூச் சேவை மூடப்பட்டது. 2003-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அச்சேவை, ஒரு காலத்தில் ஆங்கில உலகின் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பலருக்கு இருப்பிடமாக இருந்தது. ஆகஸ்ட் 27-இல் மூடல் அறிவிப்பு வெளியானது. இடையில் இருந்தவை ஏறத்தாழ ஐந்து வாரங்கள். அந்த அவகாசத்துக்குள் தங்கள் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு அவை இனி அங்கே கிடைக்கமாட்டா. ‘இலவசமாகக் கிடைத்த இடம்தானே, போனால் போகட்டும்’ என்று இதைத் தள்ளிவிடவும் இயலாது. டைப்பேட் கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட சேவை.

இது புதிய கதையன்று. 1990-களின் பிற்பகுதியில் லட்சக்கணக்கானோர் தம் முதல் இணையப் பக்கத்தை அமைத்த ‘ஜியோசிட்டீஸ்’ தளத்தை 1999-இல் யாஹூ விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. இந்தியர்கள் பெருந்திரளாகக் கூடியிருந்த ‘ஆர்குட்’ 2014 செப்டம்பரில் மறைந்தது. ‘கூகுள் பிளஸ்’ 2019 ஏப்ரலில் விடைபெற்றது. அதே ஆண்டு, பயனாளர்கள் 2015-க்கு முன்னர் ஏற்றிவைத்த இசைக்கோப்புகள் இடமாற்றப் பணியின்போது அழிந்துவிட்டன என்று ‘மைஸ்பேஸ்’ அறிவித்தது. இவற்றில் ஒப்பந்த மீறல் என்று சுட்டக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. நாம் படிக்காமல் ஒப்புதல் அளிக்கும் நிபந்தனைகளிலேயே சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

தமிழுக்கு இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். 2003-ஐ ஒட்டித் தமிழில் வலைப்பூக்கள் அரும்பத் தொடங்கின. அதே ஆண்டுதான் பிளாக்கர் நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. 2004-இல் தொடங்கப்பட்ட ‘தமிழ்மணம்’ திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டி அவற்றுக்கு வாசகர்களைத் தேடித் தந்தது. அச்சு இதழ்களின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை என்ற நிலை முதன்முறையாக வந்தது. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவர்கள், வளைகுடா நாடுகளில் பணியாற்றியோர் எனப் பலரும் எழுதினார்கள். வட்டார வழக்குச் சொற்கள், ஊர்க் கோயில்களின் வரலாறு, மறைந்துபோன கைத்தொழில்கள், பயிர் வகைகள் பற்றியெல்லாம் வேறெங்கும் கிடைக்காத குறிப்புகள் அவற்றில் உண்டு. அடுத்த பத்தாண்டில் அந்த எழுத்தின் பெரும்பகுதி முகநூலுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே விருப்பக் குறிகள் உடனடியாக வந்தன. ஆனால், மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய நல்ல கட்டுரையை இன்று முகநூலில் தேடி எடுப்பது எவ்வளவு கடினம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பொருளியல் மாணவனாக எனக்கு இது பழகிய காட்சி. எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படக்கூடிய குத்தகைதாரர் நிலத்தில் கிணறு வெட்டமாட்டார். வெட்டினால் அது நில உடைமையாளருக்குச் சேரும். குத்தகைப் பாதுகாப்புக்கும் நில மேம்பாட்டுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆடம் ஸ்மித் காலத்திலிருந்தே பொருளியலாளர்கள் பேசி வருகிறார்கள். தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், விவசாயத் தொழிலாளர்கள் குடிசை போட்டு வாழ்ந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தப் புரிதலிலிருந்து பிறந்தவை. இணையத்தில் நாம் விசித்திரமானதொரு குத்தகைதாரராக இருக்கிறோம். வெளியேற்றப்படலாம் என்று தெரிந்தும் இருபது ஆண்டுகளாகப் பிறர் நிலத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலொன்றில், ஒரு நிறுவனத்தின் தரம் குறையும்போது அதைச் சார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது. வெளியேற முடியாதவரின் குரலுக்கு நிறுவனம் செவிசாய்க்க வேண்டிய கட்டாயமில்லை. சமூக ஊடகங்களில் வெளியேறும் செலவு மிக அதிகம். நண்பர் வட்டம், பழைய பதிவுகள், அவற்றின் கீழ் நடந்த விவாதங்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிடுகின்றன. பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி முகநூலில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எச்டிஎம்எல், ஜேசன் என்னும் இரு வடிவங்களில் அது கிடைக்கும். ஜேசன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகச் சிதைந்து வருகின்றன. அவற்றை மீட்க நிரல் எழுதத் தெரிந்தவரின் துணை வேண்டும். எச்டிஎம்எல் கோப்பில் தமிழைப் படிக்கலாம். ஆனால் அதை அப்படியே இன்னொரு தளத்தில் ஏற்றிவிட முடியாது. பெயரளவில் கதவு திறந்திருக்கிறது, மூட்டை முடிச்சுகளோடு வெளியே வருவதுதான் கடினம்.

சொந்தத் தளத்தில் எழுதுவது என்றால் என்ன? அதில் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது, டாட் காம், டாட் இன் போன்ற விகுதியுடன் அமையும் முகவரி. அடுத்தது, கோப்புகளை வைத்திருக்கும் சர்வரில் வாடகைக்கு எடுக்கும் இடம். மூன்றாவது, எழுத்தை அடுக்கிக் காட்டும் மென்பொருள். இந்த மூன்றில் உண்மையான உடைமை எது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். சர்வரை வாங்க வேண்டும், அது வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றெல்லாம் எண்ணுகிறார்கள். தேவையில்லை. முகவரி உங்கள் பெயரில் இருக்கும்வரை சர்வர் நிறுவனம் சரியில்லையென்றால் கோப்புகளை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, முகவரியை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். வாசகருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. பிறர் தம் கட்டுரைகளில் கொடுத்திருக்கும் இணைப்புகளும் முறியமாட்டா. ஆக, விலை பேசும் ஆற்றலை உங்களுக்குத் தருவது முகவரிதான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் செலவில் கிடைக்கும் அந்த ஆற்றலை நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் வாங்காமல் விட்டிருப்பது வியப்பளிக்கிறது.

முகவரியும் முழுச் சொத்தன்று என்பதை மறைக்கக் கூடாது. அதையும் ஆண்டுக் கணக்கில்தான் பதிவு செய்கிறோம். டாட் காம் போன்றவற்றுக்கு ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்தாண்டுகள். டாட் காம் முகவரிகளின் மொத்த விலையை வெரிசைன் என்னும் ஒரே நிறுவனம் நிர்ணயிக்கிறது. 2024 செப்டம்பரில் அது 9.59 டாலரிலிருந்து 10.26 டாலராக உயர்ந்தது. தொண்டு நிறுவனங்கள் விரும்பிப் பயன்படுத்தும் டாட் ஆர்க் முகவரிகளின் நிர்வாகத்தை ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்க 2019-இல் முயற்சி நடந்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2020 ஏப்ரலில் இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு ஒப்புதல் அளிக்க மறுத்தது. இங்கே பொது விதிகளும் முறையீட்டுக்கு வழியும் போட்டியிடும் பதிவாளர்களும் இருக்கிறார்கள். முகநூல் பக்கம் முடக்கப்பட்டவருக்கு இவை அனைத்தும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

நடைமுறையில் நம் ஊரில் நேரும் விபத்து வேறு வகையானது. தளம் அமைத்துத் தருபவர் முகவரியைத் தம் பெயரிலேயே, தம் மின்னஞ்சலிலேயே பதிவு செய்துவிடுகிறார். நான் அறிந்த ஓர் இலக்கிய அமைப்பில் இப்படித்தான் நடந்தது. பணியைச் செய்த இளைஞர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றார். புதுப்பித்தல் நினைவூட்டல்கள் அவர் பயன்படுத்தாத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அமைப்பினர் விழித்துக்கொண்டபோது அந்த முகவரியில் ஓர் இணையச் சூதாட்ட விளம்பரம் இருந்தது. காலாவதியான முகவரிகளைக் காத்திருந்து வாங்குவது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. மனைப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் பதிவு செய்யாதவர்கள் இணைய முகவரியில் மட்டும் அதைச் செய்கிறார்கள்.

செலவுக் கணக்கில் ஓர் எச்சரிக்கை தேவை. ஹோஸ்டிங் நிறுவனங்களின் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் தவணைக்கான விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு, மூன்று மடங்காவது சாதாரணம்; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. புதிய வாடிக்கையாளரைக் குறைந்த விலையில் ஈர்த்து, இடம் மாறும் சோம்பலை நம்பிப் பிறகு ஏற்றும் இந்த உத்தியைத் தொலைத்தொடர்புத் துறையில் நாம் பார்த்துவிட்டோம். எனவே ஒப்பிட வேண்டியது புதுப்பிப்பு விலையை. முகவரியையும் ஹோஸ்டிங்கையும் வெவ்வேறு நிறுவனங்களிடம் வைத்துக்கொள்வது நல்லது. ஒருவரிடமிருந்து விலகும்போது மற்றது பிணையாகாது. பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு ஏறத்தாழ பத்தாண்டுகளாக அதை இலவசமாக வழங்குகிறது. எல்லாம் சேர்த்து, ஒரு தனிமனிதரின் வலைப்பூவுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும்.

மென்பொருளைப் பொறுத்தவரை பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது வேர்டுபிரஸ். 2003-இல் வெளிவந்த இந்த இலவச மென்பொருளில்தான் இன்று உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. அதை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம் என்று அதன் உரிமம் சொல்கிறது. ஆனால், உரிமம் தரும் சுதந்திரமும் நடைமுறைச் சுதந்திரமும் ஒன்றல்ல என்பதை 2024-இல் வெடித்த பூசல் காட்டியது. வேர்டுபிரஸ் நிறுவனர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக், ‘டபிள்யூபி என்ஜின்’ என்னும் ஹோஸ்டிங் நிறுவனத்துடன் மோதினார். மென்பொருளின் புதுப்பிப்புகளை விநியோகிக்கும் மையத் தளத்தை அந்த நிறுவனம் அணுகுவது தடுக்கப்பட்டது. அதனால் இருவருக்கும் தொடர்பில்லாத வாடிக்கையாளர்கள் தவித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்று, 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்ட பிறகே அணுகல் மீண்டது. திறந்த மென்பொருளிலும் ஒரு குறுகலான வாயில் இருக்கக்கூடும். அதன் சாவி எவரிடம் என்று பார்த்துவைப்பது பயனுள்ளது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள், தரவுத்தளம் எதுவுமின்றி வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகத் தளத்தை அமைத்துக்கொள்ளலாம். 1990-களில் எழுதப்பட்ட அத்தகைய பக்கங்கள் இன்றைய உலாவியிலும் திறக்கின்றன.

பணத்தைவிடப் பெரிய செலவு உழைப்பு. சொந்த வீட்டுக்காரர்தான் ஒழுகும் கூரையைப் பார்க்க வேண்டும். வேர்டுபிரஸ் தளங்களில் ஊடுருவல் பெரும்பாலும் புதுப்பிக்கப்படாத செருகுநிரல்கள் வழியாகவே நடக்கிறது. ஆகையால் அவற்றைக் குறைவாக வைத்து, மாதம் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். காப்பு நகலை அதே சர்வரில் வைத்திருப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். மறுமொழிப் பெட்டியைத் திறந்து வைத்தால் விளம்பரக் குப்பைகள் நாள்தோறும் வந்து விழும். அறுபதைக் கடந்த என் நண்பர்கள் பலருக்கு இவையெல்லாம் மலைப்பைத் தருகின்றன. அவர்களிடம் நான் சொல்வது ஒரு நடுவழி. பிளாக்கரிலேயே எழுதுங்கள், ஆனால் சொந்த முகவரி ஒன்றை வாங்கி அதனுடன் இணையுங்கள். அதற்குக் கூகுள் கட்டணம் வாங்குவதில்லை. பதிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கி வேர்டுபிரஸில் ஏற்றவும் முடியும். ஆண்டுக்கு இருமுறை அதைச் செய்து வீட்டுக் கணினியில் சேமித்துவைத்தால், நாளை பிளாக்கரே மூடப்பட்டாலும் கோப்பும் முகவரியும் உங்களிடம் இருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அதைப் பொதுவான வழிகாட்டிகள் சொல்வதில்லை. கட்டுரைத் தலைப்பைத் தமிழில் கொடுத்தால், வேர்டுபிரஸ் அதையே இணைப்பு முகவரியாக ஆக்கிக்கொள்கிறது. கணினியின் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகவும், இணைப்பில் ஒன்பது எழுத்து இடங்களாகவும் விரிகிறது. உயிர்மெய்யில் வரும் கொம்பும் காலும் புள்ளியும் தனிக்குறிகளாகவே எண்ணப்படும். இணைப்புக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 200 இடங்கள். எனவே ஏறத்தாழ 22 குறிகளுக்குமேல் தலைப்பு வெட்டுப்படுகிறது. வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீள்கிறது. இணைப்புக்கு மட்டும் சிறிய ஆங்கில எழுத்துப் பெயரைக் கையால் கொடுத்துவிடுவதே இன்றைக்கு நல்ல வழி. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகிய விகுதிகள் தமிழ் எழுத்திலேயே கிடைக்கின்றன, பெருமைக்குரியதுதான். ஆனால், பல செயலிகளும் மின்னஞ்சல் படிவங்களும் இன்னும் அவற்றைச் செல்லாத முகவரி என்று திருப்பி அனுப்புவதால், ஒரே முகவரியாக அதை நம்பியிருக்குமாறு நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

சொந்தத் தளத்துக்கு எதிரான வலுவான வாதம் இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்டது: அங்கே யார் வருவார்கள்? எழுத்தை உற்பத்தி செய்யும் செலவு குறைந்துவிட்ட காலத்தில் வாசகரின் கவனமே அரிய பொருள். கூட்டம் கூடும் சந்தையை விட்டு ஒதுக்குப்புறத்தில் கடை போடுவானேன் என்பது நியாயமான கேள்வி. 2013 ஜூலையில் ‘கூகுள் ரீடர்’ மூடப்பட்டபோது, பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் தொடர்ந்து படித்துவந்த பழக்கம் பெரிதும் குலைந்தது. அந்த இடத்தை முகநூலும் கீச்சுத்தளமும் பிடித்துக்கொண்டன. இப்போது கூகுளின் தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடையைச் சுருக்கித் தந்துவிடுவதால், அந்த விடைக்கு மூலமான தளத்துக்குள் வாசகர் வரவேண்டிய தேவையும் குறைகிறது.

ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? முழுக் கட்டுரையைச் சொந்தத் தளத்தில் முதலில் வெளியிட்டு, அதன் சுருக்கத்தையோ முழுமையையோகூட முகநூலில் இட்டு, மூல இணைப்பைக் கொடுக்கலாம். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். விதைநெல் வீட்டில் இருக்கிறது. தொடர்ந்து படிக்க விரும்புவோரின் மின்னஞ்சல் பட்டியலை உருவாக்கிக்கொள்வது இன்னும் உறுதியான உறவு. 300 பேர் கொண்ட அத்தகைய பட்டியல், 5,000 பேர் கொண்ட நட்பு வட்டத்தைவிட மதிப்புடையது என்பது என் கருத்து. அந்த 5,000 பேரில் எத்தனை பேருக்கு உங்கள் பதிவைக் காட்டுவது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார்.

2025 அக்டோபர் 20-இல் அமேசானின் சர்வர்களும் நவம்பர் 18-இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவையும் தடுமாறியபோது உலகின் பல தளங்கள் சில மணி நேரம் முடங்கின. சொந்தத் தளம் என்பதும் மாயைதானே என்று அப்போது சிலர் எழுதினார்கள். சாலை மூடப்பட்டதையும் வீடு பறிபோனதையும் ஒன்றாக எண்ணும் வாதம் இது. சில மணி நேரத்தில் அந்தத் தளங்கள் மீண்டன. ஜியோசிட்டீஸ் மீளவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் என்னை உறுத்துவது வேறொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்தின் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. அவருடைய இணைய முகவரியோ, ஆண்டுக் கட்டணம் தவறினால் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் பொதுச் சந்தைக்குப் போய்விடுகிறது. ஹோஸ்டிங் கட்டணம் நின்றால் கோப்புகள் அதற்கு முன்னரே அழிக்கப்படலாம். பீரோவில் இருக்கும் கையெழுத்துப் படிகளைப் பேரப்பிள்ளைகள் என்றாவது எடுத்துப் பார்ப்பார்கள். கடவுச்சொல் தெரியாத தளத்தை யார் திறப்பார்கள்? இந்த ஒரு கூறில் முகநூலும் பிளாக்கரும் சொந்தத் தளத்தைவிட மேலானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றில் எழுதியவர் மறைந்த பின்னும், நிறுவனம் இருக்கும்வரை பக்கம் நிற்கக்கூடும். எனவே, முகவரியைப் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்து வைப்பதும், கணக்கு விவரங்களை உயிலுடன் ஒரு தாளில் எழுதி வைப்பதும், குடும்பத்தில் ஒருவருக்குப் புதுப்பிக்கும் முறையைக் கற்றுத்தருவதும் தளம் தொடங்கும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலைகள்.

தனிமனித முயற்சி இங்கே முடிகிறது. அரசின் பங்கு தொடங்குகிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வோர் அச்சு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்குச் சென்றாக வேண்டும். அச்சு நூல்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. பிரிட்டன் தன் ஒப்படைப்புச் சட்டத்தின் கீழ் 2013-இல் விதிகளை வகுத்து, தன் நாட்டு இணையதளங்களைத் திரட்டிச் சேமிக்கும் அதிகாரத்தை நூலகங்களுக்கு அளித்தது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்மரபும் உண்டு. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு 1949-இல் பெற்றதிலிருந்து, அறிஞர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கும் வழக்கம் இங்கே தொடர்கிறது. அவ்வாறு நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் எவரும் படிக்கலாம். அதே நிறுவனம், எழுத்தாளர்கள் விரும்பி முன்வந்து தரும் வலைப்பூக்களின் முழுப் படியைப் பெற்று, நிலையான முகவரியில் சேமித்துவைக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கலாம். புதிய சட்டம்கூடத் தேவையில்லை. ஒப்புதல் படிவமும் சேமிப்பிடமும் சில தொழில்நுட்பப் பணியாளர்களும் போதும். 2003-இல் நாற்பது வயதில் எழுதத் தொடங்கியவர்களுக்கு இப்போது அறுபதைக் கடந்துவிட்டது.